முதுகைத் தொட்டுப் பார்த்தால் தெரியும் - சினை ஆட்டின் சரித்திரம்

கன்னிவாடி ஆட்டுச் சந்தைக்குப் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். (மூலனூர் பக்கத்துக் கன்னிவாடி. திண்டுக்கல் பக்கம் இன்னொரு கன்னிவாடி இருக்கிறது, அது வேறு.) வியாபாரி முதலில் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். அப்புறம் விலா எலும்பு முடிந்து இடுப்பு ஆரம்பிக்கும் இடத்தில் கையை வைத்து, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்துவார். எலும்பு கத்தி முனை மாதிரி குத்தினால் ஒரு விலை. சதைக்குள் புதைந்திருந்தால் வேறு விலை. சினை ஆடு என்றால் வயிற்றையும் மடியையும் பார்ப்பார், ஆனால் முதுகை விட மாட்டார். வயிறு பெரிதாக இருந்து முதுகு குத்தினால் அந்த ஆட்டை வாங்க யோசிப்பார்.

இதே வேலையை 1969ல் ஸ்காட்லாந்தில் ரஸ்ஸல், டோனி, கன் என்ற மூன்று பேர் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார்கள். உயிரோடு இருக்கும் ஆட்டின் உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதை, இடுப்பு முதுகைத் தொட்டுப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடலாம் என்றார்கள். அதற்கு முன்பே 1961ல் ஆஸ்திரேலியாவில் ஜெஃப்ரீஸ் என்பவர் இந்த முறையைச் சொல்லியிருந்தார். இன்று உலகம் முழுக்கக் கால்நடை மருத்துவப் படிப்பில் இது ஒரு பாடம். நம் ஊர் வியாபாரி மதிப்பெண் போடுவதில்லை, நேராக ரூபாயில் சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம் :)

சரி, அந்த முதுகில் அப்படி என்ன இருக்கிறது? சினை ஆட்டின் முதுகுக்கும் பிறக்கப் போகும் குட்டிக்கும் என்ன சம்பந்தம்? அதைக் கண்டுபிடித்த கதை காங்கேயத்தில் ஆரம்பித்து கேம்பிரிட்ஜ், ஆக்லாந்து, மைசூர், புனே என்று சுற்றிவிட்டுத் திரும்பவும் இங்கேதான் வந்து நிற்கிறது.

திருப்பூர் என்றதும் எல்லோருக்கும் பனியன்தான் ஞாபகம் வரும். ஆனால் 2009ல் கோவையிலும் ஈரோட்டிலும் இருந்து பிரித்துத் திருப்பூர் மாவட்டம் உண்டாக்கியபோது, கம்பெனிகளை விட மேய்ச்சல் காடுகள்தான் அதிகப் பரப்பில் கண்ணில் படும் தாராபுரம், காங்கேயம் தாலுகாக்களும் அதற்குள் வந்தன. இங்கே கொறங்காடு என்று ஒன்று உண்டு. புறம்போக்கு இல்லை, பட்டா நிலம். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் சுற்றளவில் மழை பெய்கிற, பாசனம் இல்லாத பூமியில் பயிர் வைத்து நஷ்டப்படுவதை விடப் புல்லை வளர்த்து மாடும் ஆடும் மேய்ப்பது மேல் என்று யாரோ என்றைக்கோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்ததுதான். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த மாட்டை வளர்த்துப் பேர் வாங்கிக் கொடுத்தது. ஆட்டுக்கு அப்படி ஒரு பட்டக்காரர் கிடைக்கவில்லை, அதனால் ஆட்டைப் பற்றிய எழுத்தும் குறைவு.

இங்கே இரண்டு வகைச் செம்மறி உண்டு. ஒன்று மேச்சேரி. வெளிர் பழுப்பு நிறம், உரோமம் குட்டை, கறிக்கும் தோலுக்கும் பேர் போனது. இதற்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978ல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். இன்னொன்று குறும்பை என்கிற கோயமுத்தூர் ஆடு. வெள்ளை உடம்பு, தலையில் கறுப்போ பழுப்போ இருக்கும், மேலே முரட்டுக் கம்பளி. ஒரு காலத்தில் கம்பளி நெய்ய இதன் மயிர் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் மெரினோ, செவியட், சவுத் டவுன் ஆடுகளைக் கொண்டு வந்து கலந்தபோது உள்ளூர்த் தாயாக இருந்தது இந்தக் கோயமுத்தூர் ஆடுதான். அப்படி உருவானதுதான் நீலகிரி ஆடு. துணி ஊரில் ஒரு துணி தரும் ஆடு இருந்தும், அதன் கம்பளிக்கு இன்று கேட்பாரில்லை.

பாலுக்காகச் செம்மறி வளர்க்கும் வழக்கம் இங்கே இல்லை. பிரான்சில் லக்கோன் ஆட்டின் பாலில்தான் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். மேற்கு ஆசியாவில் அவாசி ஆட்டைக் கறக்கிறார்கள். கொங்கு நாட்டில் ஆட்டின் பால் குட்டிக்கு மட்டும்தான். கறக்காததால் கவலை இல்லை என்று நினைக்கக் கூடாது. பால் குறைந்தால் அங்கே வியாபாரம் குறையும், இங்கே குட்டி சாகும்.

இப்போது கணக்குக்கு வருவோம். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள், சரியாக ஐந்து மாதம். முதல் மூன்றரை மாதம் வயிற்றில் குட்டி இருப்பதே தெரியாது, அவ்வளவு சின்னதாக இருக்கும். பிறக்கும்போது இருக்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறுகிறது. மேச்சேரிக் குட்டி பிறக்கும்போது இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் என்றால், அதில் ஒன்றரைக் கிலோ கடைசி நாற்பது நாளில் வந்தது. மடியும் அதே நாற்பது நாளில்தான் வளர்கிறது.

ஆகவே ஆனி மாதம் கிடாய் சேர்ந்தால் கார்த்திகையில் ஈனும். கடைசி ஆறு வாரம் ஐப்பசி மழையில், பச்சைப் புல்லில் போகும். ஐப்பசியில் கிடாய் சேர்ந்தால் பங்குனியில் ஈனும். கடைசி ஆறு வாரம் மாசி வெயிலில், காய்ந்த புல்லில் போகும். அதே ஆடு, அதே கிடாய், அதே காடு. குட்டி மட்டும் வேறு.

புல் இல்லாத மாசியில் தாய் என்ன செய்யும்? இங்கேதான் உடம்பின் கணக்கு வழக்கு சுவாரசியமாகிறது. மனிதர் சோறு சாப்பிட்டால் மாவு சர்க்கரையாகி இரத்தத்தில் சேரும். அசை போடும் விலங்குக்கு அப்படி இல்லை. தின்ற புல் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களிடம் போகிறது. அவை அதைப் புளிக்க வைத்து அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் என்ற கொழுப்பு அமிலங்களாக்கித் தருகின்றன. இந்த அமிலங்கள் இரைப்பைச் சுவர் வழியாகவே இரத்தத்துக்குப் போகின்றன என்பதை 1944ல் கேம்பிரிட்ஜில் பார்க்ராஃப்ட், மெக்கனலி, பிலிப்சன் மூவரும் காட்டினார்கள். அதில் புரோப்பியோனிக் அமிலத்தைத்தான் முக்கியமாக ஈரல் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். அதாவது ஆட்டின் இரத்தத்தில் ஓடும் சர்க்கரையில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்ததில்லை, ஈரல் தானே தயாரித்தது.

வயிற்றுக் குட்டிக்கோ சர்க்கரைதான் முக்கிய உணவு. அது தாயைக் கேட்டு எடுத்துக்கொள்வதில்லை. நஞ்சுக்கொடி வழியாக இழுத்துக்கொண்டே இருக்கும். வரவு குறைந்து செலவு குறையாவிட்டால் என்ன ஆகும்? முதலில் கை வைக்க வேண்டியதுதான். ஆட்டுக்கு முதல் என்பது முதுகிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் சேர்த்து வைத்த கொழுப்பு. அது கரைந்து ஈரலுக்கு வருகிறது. அளவோடு வந்தால் ஈரல் சமாளிக்கும். அளவு மீறினால் கொழுப்பு முழுதாக எரியாமல் கீட்டோன் என்ற அரைகுறைச் சரக்காக இரத்தத்தில் தேங்குகிறது. ஆடு மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கும். தின்னாது. கண் தெரியாதது போலத் தடுமாறும். மூச்சில் ஒரு மாதிரி இனிப்பு வாடை வரும். பிறகு படுத்துவிடும். நேரத்தில் வைத்தியம் இல்லை என்றால் சில நாளில் தாயும் போகும், குட்டியும் போகும். ஆங்கிலேய விவசாயிகள் இதை இரட்டைக் குட்டி நோய் என்றே அழைத்தார்கள். இரண்டு குட்டி இழுக்கும் வயிற்றில்தான் இது அதிகம். போதாததற்கு வயிறு நிறையக் குட்டி இருந்தால் இரைப்பைக்கு இடம் இருக்காது, ஆகவே தேவை கூடுகிற நேரத்தில் தின்பதும் குறையும். வேடிக்கை என்னவென்றால் எலும்பும் தோலுமான ஆடு மட்டும் இல்லை, அளவுக்கு மீறிக் கொழுத்த ஆடும் இதில் விழும். அதற்குக் கரைக்க நிறைய இருக்கிறது, கரையும்போது வேகமாகக் கரைகிறது. முதுகில் 0 மதிப்பெண்ணும் ஆபத்து, 5 மதிப்பெண்ணும் ஆபத்து.

நம் மேச்சேரி பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். நல்லதா கெட்டதா? வியாபாரக் கண்ணில் கெட்டது. இந்தியாவில் இரட்டைக் குட்டிக்குப் பேர் போனது வங்காளத்துச் சுந்தரவனத்தின் கரோல் ஆடு. 1790களில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி ஆஸ்திரேலியா போன வங்காள ஆடுகளின் வழியாகத்தான் அங்கே பிரபலமான பூருலா மெரினோவுக்கு அந்தக் குணம் போனது என்பது பின்னாளில் மரபணுப் பரிசோதனையில் தெரிந்தது. மகாராஷ்டிரத்தில் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அதே மரபணுவைத் தக்காணி ஆட்டில் சேர்த்தது. ஆனால் அந்த ஆட்டுக்குச் சினைக் காலத்தில் தீனி போட்டாக வேண்டும். மேயவிட்டு மறந்துபோகிற காட்டில் இரட்டைக் குட்டி வரமில்லை. தண்ணீருக்கும் புல்லுக்கும் ஏற்றபடி மேச்சேரி ஒரு குட்டியோடு நிறுத்திக்கொண்டதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது.

ஒரு குட்டி போடும் ஆட்டில் ஆபத்து இப்படிச் சத்தமாக வராமல் மெதுவாக வரும். இதை முதலில் அளந்து பார்த்தவர் வாலஸ் என்ற நியூசிலாந்துக்காரர். கேம்பிரிட்ஜில் அவர் செய்த சோதனைகள் 1948ல் வெளிவந்தன. சினை ஆடுகளைப் பிரித்து, கடைசி ஆறு வாரத்தில் சிலவற்றுக்கு நிறையவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் தீனி போட்டார். குறைவாகத் தின்ற தாயின் குட்டி சின்னதாகப் பிறந்தது. அது தெரிந்ததுதானே என்று தோன்றலாம். தாயின் மடியும் சின்னதாக இருந்தது, பாலும் குறைந்தது என்பதுதான் விஷயம். ஈன்ற பிறகு எவ்வளவு தீனி போட்டாலும் தவறவிட்ட மடியைத் திரும்ப வளர்க்க முடியாது.

சீம்பால் விஷயம் இன்னும் மோசம். மனிதத் தாயிடமிருந்து நோய் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகவே குழந்தைக்குப் போய்விடுகிறது. ஆட்டின் நஞ்சுக்கொடி அதை விடாது. குட்டி வெறுங்கையோடுதான் பிறக்கிறது. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தால் உண்டு, ஒரு நாள் போனால் குடல் அதை உறிஞ்சும் கதவை மூடிவிடும். துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியை ஈனுவதற்கு முன்பே தாய்க்குப் போடச் சொல்வது இதனால்தான். ஊசி தாய்க்கு, பயன் குட்டிக்கு, வழி சீம்பால். மடி வற்றியிருந்தால் அந்த ஊசி பாதி வீண்.

இதே கேம்பிரிட்ஜில் பார்க்ராஃப்ட் 1930களிலிருந்தே சினை ஆட்டை வைத்து வேறொரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். வயிற்றுக்குள் இருக்கும் உயிர் மூச்சு விடாமல் எப்படி இருக்கிறது? அவர் 1946ல் வெளியிட்ட புத்தகம் பிறப்புக்கு முந்தைய வாழ்க்கையைப் பற்றிய அடிப்படை நூல்களில் ஒன்று. ஆடு ஏன் என்றால், எளிதில் கிடைக்கும், சாது, குட்டியின் அளவும் மனிதக் குழந்தையின் அளவுக்குப் பக்கத்தில் வரும்.

அந்த வழியில் வந்தவர் நியூசிலாந்தின் கிரகாம் லிக்கின்ஸ். ஆக்லாந்தில் மகப்பேறு மருத்துவர். பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது தாயா குழந்தையா என்பது அவருடைய சந்தேகம். ஆட்டில் சோதித்துப் பார்த்தால் பதில் குட்டி என்று வந்தது! குட்டியின் சுரப்பியிலிருந்து வரும் கார்ட்டிசால்தான் மணி அடிக்கிறது. அந்த மருந்தைக் குட்டிக்கு ஏற்றிப் பார்த்தபோது மாதம் நிறையாமலே ஈன்றன. அப்படி 120 நாள் அளவிலேயே பிறந்த குட்டிகள் பிழைக்க வழியே இல்லை, நுரையீரல் விரியாது. ஆனால் ஒரு குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இறந்திருக்க வேண்டிய குட்டி. வேறொருவராக இருந்தால் ஏதோ கணக்குத் தப்பு என்று விட்டிருப்பார். லிக்கின்ஸ் விடவில்லை. 1969ல் ஆட்டுச் சோதனையை எழுதினார். குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து, குறைப்பிரசவம் ஆகும் நிலையில் இருந்த 282 தாய்மாரிடம் நடத்திய சோதனையை 1972ல் வெளியிட்டார். மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் மூச்சுத்திணறலும் சாவும் குறைந்தன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வருத்தம். மலிவான ஊசி, வேலை செய்கிறது என்று தெரிந்தும் மருத்துவ உலகம் இருபது ஆண்டுக்கும் மேல் தயங்கியது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் பரவலாகப் பயன்படுத்தச் சொன்னது 1994ல்தான். காக்ரேன் என்ற மருத்துவ ஆதார அமைப்பின் சின்னத்தில் இருக்கும் கோடுகள் இந்த மருந்தின் சோதனைகளைத்தான் குறிக்கின்றன, தாமதத்தால் போன உயிர்களின் நினைவாக. வசதி குறைந்த நாடுகளில் இது பலன் தருமா என்ற சந்தேகம் அப்புறமும் இருந்தது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா மருத்துவமனைகளில் 2,852 தாய்மாரிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய சோதனை 2020ல் அதற்குப் பதில் சொன்னது. பலன் தருகிறது. ஆக்லாந்து ஆட்டுக்குட்டி அரை நூற்றாண்டு கழித்து நம் ஊர்ப் பிரசவ வார்டுக்கு வந்து சேர்ந்தது.

வாலஸ் ஆட்டில் பார்த்ததை மனிதரில் பார்க்க யாரும் தாயைப் பட்டினி போட முடியாது. பஞ்சம்தான் அதைச் செய்தது. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் ஜெர்மானியப் படை உணவை மறித்தபோது வயிற்றில் இருந்த குழந்தைகளைப் பின்னாளில் தேடித் தேடிப் பரிசோதித்தார்கள். 1986ல் இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர், பிறந்த காலத்து வறுமைக்கும் ஐம்பது வயது மாரடைப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதியபோது நிறையப் பேர் சிரித்தார்கள். நமக்கும் ஹாலந்தை விடப் பெரிய பஞ்சம் உண்டு. 1876ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம். கோயமுத்தூர் ஜில்லாவில் மனிதரும் மாடும் கும்பல் கும்பலாகச் செத்த காலம். நிவாரண வேலை செய்பவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் சொன்னார். சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் போதாது என்று சண்டை போட்டார். பஞ்சத்துக்குப் பின் மாகாணத்தில் பிறப்பு எண்ணிக்கை சரிந்தது கணக்கில் இருக்கிறது.

பிறந்த எடைக்கு நம் பக்கத்தில் நல்ல கணக்கு மைசூரில் கிடைத்தது. அங்கே ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1934லிருந்தே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவைப் பேரேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். யாரோ ஒரு நர்ஸ் பொறுமையாக எழுதியது! 1990களில் அந்தக் குழந்தைகளை, அதற்குள் அறுபதை நெருங்கிய குழந்தைகளை, வீடு வீடாகத் தேடிப் பார்த்தபோது எடை குறைந்து பிறந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று தெரிந்தது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாக்னிக் 1993ல் ஆறு கிராமங்களில் தாய்மாரைக் கருவுறும் முன்பிருந்தே பின்தொடர்ந்தார். அங்கே சராசரிக் குழந்தை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்தில் 3.5 கிலோ. பார்க்க ஒல்லி, ஆனால் உள்ளே கொழுப்பு மட்டும் குறையவில்லை. சதையும் உறுப்பும் குறைந்து கொழுப்பு மிஞ்சிய இந்த உடம்புதான் பின்னாளில் சர்க்கரை நோய்க்கு முதல் போடுகிறது.

சட்டத்தில் ஒரு ஒற்றுமை உண்டு. 1961ஆம் வருட மகப்பேறு சட்டம் கொடுத்த 12 வார விடுப்பில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் ஆறு வாரம். ஆட்டின் அதே ஆறு வாரம்! 2017ல் அதை 26 வாரமாக்கி, முன்னே எடுப்பதை எட்டு வாரமாக்கினார்கள். பனியன் கம்பெனியில் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கு இது உண்டு. வீட்டில் உட்கார்ந்து பீஸ் கணக்கில் பிசிறு வெட்டுபவருக்குக் கம்பெனி எது என்பதே தெரியாது. அவருக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவித் திட்டம்தான். 2006ல் 6,000, 2011ல் 12,000, 2018ல் 18,000 ரூபாய் என்று ஏறியது. 2018ல் பணத்தோடு பேரீச்சம்பழமும் நெய்யும் சத்துமாவும் இருக்கும் பெட்டகமும் சேர்ந்தது. வாலஸ் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆட்டுக்குப் பெட்டகம் கிடையாது. முன்னே பருத்திக்கொட்டை இருந்தது. பனியனுக்கு முன் திருப்பூர் பஞ்சு அரைக்கும் ஊர். பஞ்சு மில்லுக்குப் போனது, கொட்டை தொட்டிக்கு வந்தது. கொழுப்பும் புரதமும் சேர்ந்த அருமையான தீனி. இப்போது நூலும் துணியும் வெளியூரிலிருந்து லாரியில் வருகின்றன, கொட்டை கூடவே வருவதில்லை. கோடையில் வெள்வேலங்காய் உதிரும். அதுவும் மரம் இருக்கும் காட்டில்தான், பிளாட் போட்ட காட்டில் இல்லை. 2011ல் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை நொய்யல் கரைக் கிணறுகள் உப்பாகிக்கொண்டே போனது தனிக்கதை.

கணக்கு சின்னதுதான். கடைசி 45 நாளுக்கு ஒரு ஆட்டுக்குத் தினம் 200 கிராம் அடர்தீவனம் என்றால் மொத்தம் 9 கிலோ. நாற்பது ஆட்டுக்கு 360 கிலோ. அந்தத் தீவனம் வாங்க வேண்டியது மாசியில். குட்டி விற்றுக் காசு வருவதோ ஆடி தாண்டி. நடுவில் ஐந்து மாதம். வட்டிக்கு வாங்கித் தீவனம் போடுபவர் சிலர் உண்டு. இரண்டு சினை ஆட்டை விற்று மற்ற முப்பத்தெட்டுக்குத் தீவனம் வாங்குபவர் நிறைய உண்டு. அந்த இரண்டுதான் கன்னிவாடிச் சந்தையில் கயிற்றில் நிற்கின்றன. வியாபாரி வந்து பல்லைப் பார்க்கிறார், முதுகில் கை வைக்கிறார், துண்டைப் போட்டு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்.